கைகளும் கற்கட்டும்

ஜனவரித் திங்களில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னை நாடி வந்தார். நான் கல்லூரியில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய மகள் சென்னைக் கல்லூரி ஒன்றில் அதே விலங்கியலை இரண்டாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்தாள்.

“ஐயா, உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும்” என்று தொடங்கினார் அந்தத் தாய். “படிக்கத்தான் இவளைக் கல்லூரிக்கு அனுப்பினோம். இப்போது என்னவென்றால், சனிக்கிழமை இரவு கடற்கரையில் ஆமை முட்டை தேடப் போக வேண்டும் என்கிறாள். விடிய விடிய நடப்பார்களாம். இதெல்லாம் ஒரு படிப்பா? இவள் அப்பா முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார்.”

சற்றுத் தள்ளி நின்ற மகள் ஒன்றும் பேசவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாயின் கேள்வியில் தவறொன்றும் இல்லை. வயது வந்த பெண்ணை இரவில் வெளியே அனுப்ப எந்தப் பெற்றோர்தாம் அஞ்சமாட்டார்கள்? ஆயினும், “இதெல்லாம் ஒரு படிப்பா?” என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது. அது நானே பல்லாண்டுகள் விடை சொல்லாமல் கடந்து வந்த கேள்வி. அன்று அவருக்கு நான் சொன்னவற்றையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டவற்றையும், பிள்ளைகளை உயிரியல் படிக்க வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு புழு

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்தாள். வகுப்பிலே முதல் மாணவி. ரெக்கார்டு நோட்டில் அவள் வரைந்த படங்கள் அச்சிட்டவை போல இருக்கும். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோடு நாலைந்து கொசுப்புழுக்களை வைத்து, “இவை எந்த இனம் அம்மா?” என்று கேட்டார்.

புத்தகத்தில் இதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழு, நீரின் மேற்பரப்பை ஒட்டிப் படுக்கைவாட்டில் கிடக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் புழுவும் அப்படிக் கிடப்பதில்லை. வாலருகே உள்ள மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் பொருத்தி, தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். இந்த வேறுபாட்டை அவள் இரண்டு பக்கத்திற்கு எழுதுவாள். படமும் போடுவாள். ஆனால் அன்று அந்தக் கிண்ணத்தைப் பார்த்து அவளால் விடை கூற இயலவில்லை. உயிருள்ள கொசுப்புழுவை அவள் அதற்கு முன் உற்றுப் பார்த்ததே இல்லை! அவள் வீட்டுக் கொல்லையில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் அது நாள்தோறும் நெளிந்திருக்கும்.

கண்களில் நீர் தளும்ப அவள் வெளியே சென்றாள். அது அவளுடைய தோல்வியன்று, என்னுடையது. மூன்றாண்டுகள் கரும்பலகையில் கொசுப்புழு வரைந்து காட்டிய நான், ஒரு நாளாவது அவர்களை ஒரு குட்டைக்கு அழைத்துச் சென்றேனில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது என் வகுப்பறைக்கே பொருந்திற்று.

தவளை போயிற்று, எது வந்தது?

நம்மில் மூத்தவர்கள் விலங்கியல் படித்த காலத்தில் செய்முறை வகுப்பு என்றாலே தவளையும் கரப்பான்பூச்சியும்தாம். மெழுகுத் தட்டில் தவளையைக் கிடத்தி, ஊசி குத்தி, கத்தரியால் வயிற்றைத் திறந்து, நரம்பையும் குழலையும் அடையாளம் காட்டுவோம். அந்த வழக்கம் இன்று இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2011-ஆம் ஆண்டில் அதனைப் படிப்படியாகக் குறைக்க நெறிமுறை வகுத்து, 2014-ஆம் ஆண்டில் விலங்கியல் வகுப்புகளில் உயிரினங்களை அறுப்பதை முற்றிலும் நிறுத்துமாறு அறிவித்தது. ஆண்டுதோறும் எண்ணற்ற தவளைகள் வயல்களிலிருந்து பிடித்து வரப்பட்டு மாண்டுகொண்டிருந்த நிலை மாறியது நல்லதே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் தவளை விட்டுச் சென்ற இடத்தில் எது வந்து அமர்ந்தது? அதுவே கேள்வி. அறுப்பதற்குப் பதிலாக உயிரினத்தை அதன் இருப்பிடத்திலேயே சென்று காணும் களப்பயிற்சி வந்திருக்குமானால், மாணவர்களுக்கு அது பெரும் பேறாக இருந்திருக்கும். சில கல்லூரிகளில் அப்படியே நடந்தது. பல இடங்களிலோ கணினித் திரையில் ஒரு படமும், மூத்த மாணவர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய இன்னொரு ரெக்கார்டும் மட்டுமே மிஞ்சின. கத்தியைக் கீழே வைத்த கைகள் வேறெதையும் எடுக்கவில்லை.

உயிரியல் என்பது உயிரைப் பற்றிய கல்வி. உயிரோ அசைகிறது, ஒளிகிறது, பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. எந்த வேளையில் எங்கே தேடினால் அகப்படும், எவ்வளவு நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும், எண்ணுகையில் எங்கே பிழை நேரும் என்பவற்றைக் காலும் கையும் கண்ணுமே கற்றுத் தரும். நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆக வேண்டும் அல்லவா?

பங்குனி ஆமையின் பாடம்

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். சென்னைக் கரைக்கு முட்டையிட வரும் கடலாமையை நம் மீனவ மக்கள் பங்குனி ஆமை என்பர். ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை இருட்டிய பின் பெண் ஆமை கரையேறும். பின் துடுப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி ஒன்றரை அடி ஆழத்தில் குடம் போன்ற குழி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். பிறகு மணலால் மூடி, தன் உடலால் தட்டிக் கெட்டித்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். திரும்பிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் தாமே மணலைக் கிளறிக்கொண்டு வெளிவரும்.

அக்குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசை நோக்கி ஊர்பவை. முற்காலத்தில் இரவில் வெளிச்சமாகத் தெரிந்தது கடல் ஒன்றே. இன்றோ கரையில் தெருவிளக்குகள் எரிகின்றன. குஞ்சுகள் கடலை விட்டுச் சாலையை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. நாய்களும் முட்டைகளைத் தோண்டித் தின்கின்றன. ஆகவேதான் முட்டைகளை எடுத்துக் காப்பான இடத்தில் புதைத்துப் பொரிக்க வைக்கும் பணி தேவைப்பட்டது.

1970-களின் தொடக்கத்தில், ரோமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்களும் இக்கரையில் இரவு நடையைத் தொடங்கினர். 1988-ஆம் ஆண்டில் கல்லூரி மாணவர்களே கூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தனர். அன்று முதல் ஆமைப் பருவந்தோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவை மாணவர்கள் நடந்து வருகிறார்கள். நம் வாசகர்கள் பலர் திருவிழாவுக்குச் செல்லும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை ஆலயத்தை ஒட்டிய கடற்கரைதான் அது! அக்குழுவின் தொடக்க கால மாணவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியரானார். கடலாமைகளைப் பற்றி நூலும் எழுதினார். மணலில் நடந்த கால்களே அவரை அங்கே கொண்டு சேர்த்தன எனலாம்.

அந்த நடையில் மாணவி என்ன கற்கிறாள்? மணலில் டிராக்டர் சக்கரம் போனது போன்ற தடத்தைக் கண்டு, ஆமை ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று அறிகிறாள். குச்சியை மெல்ல ஊன்றி, மணல் எங்கே இளகிக் கொடுக்கிறதோ அங்கே குழி உண்டென்று உணர்கிறாள். முட்டைகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுகிறாள். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், திருப்பவோ குலுக்கவோ கூடாது. ஏன்? நேரம் செல்லச் செல்லக் கரு முட்டை ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு புரட்டினால் கரு சிதையும். இந்த உண்மையைப் புத்தகத்தில் படிப்பவள் தேர்வு முடிந்ததும் மறப்பாள். முட்டையை உள்ளங்கையில் ஏந்தி மூச்சடக்கி நடந்தவள் ஆயுளுக்கும் மறவாள்.

இன்னும் ஒரு விந்தை உண்டு. இந்த ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. குளிர்ந்த மணலில் ஆண் குஞ்சுகள் மிகுதி, சூடான மணலில் பெண் குஞ்சுகள் மிகுதி. உலகம் வெப்பமடைந்து வருவதைப் பற்றி நாம் ஏடுகளில் படிக்கிறோம். பொரிப்பகத்துக் குழியில் வெப்பமானியை வைத்து நாள்தோறும் குறிக்கும் மாணவிக்கு, அது செய்தியாக மட்டும் இருப்பதில்லை. தன் கையால் எழுதிய எண்ணாகவும் இருக்கிறது.

துயரமான பாடமும் அங்கே உண்டு. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் அது மூழ்கி இறக்கிறது. இறந்த ஆமையையும் அளந்து, இடமும் நாளும் குறிக்கிறார்கள் மாணவர்கள். அந்தக் குறிப்புகள் இன்றி, எத்தனை இறந்தன, எங்கே இறந்தன என்று எவர் பேச முடியும்? கற்பவர் கையால் எழுதிய குறிப்பேடு நாட்டுக்கே சான்றாகிறது.

திருச்சியில் ஒரு தாவரக் கருவூலம்

விலங்கியல் மட்டுமன்று, தாவரவியலும் காலால் நடந்து கையால் கற்க வேண்டியதே. இதற்கு நமக்கு மிக அருகிலேயே சான்று இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர் தாவரக் கருவூலம் உள்ளது. அக்கல்லூரியில் பணியாற்றிய பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி அருட்தந்தை ஆல்பிரட் ராபினாட், தாவரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவர் பெயரால் 1967-ஆம் ஆண்டில் அருட்தந்தை கே. எம். மாத்யூ அதனை நிறுவினார்.

தந்தை மாத்யூ நாற்காலியில் அமர்ந்து நூல் எழுதியவர் அல்லர். இளம் ஆய்வாளர்களுடன் மலையும் புதர்க்காடும் ஏறி இறங்கிச் செடிகளைச் சேகரித்தார். 1981 முதல் வெளிவந்த தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்கள் பற்றிய பெருநூல் தொகுதிகளும், 1999-இல் வெளிவந்த பழனிமலைத் தாவர நூலும் அந்த உழைப்பின் கனிகள். 2004-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். எனினும், ஒரு செடியின் பெயரில் ஐயம் எழுந்தால் அவருடைய நூல்களைப் புரட்டாத தாவரவியலாளர் தமிழகத்தில் அரியர்.

செடியை உலர்த்திப் பாதுகாப்பது எளிய வேலை போலத் தோன்றும். செய்து பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். பூவோடும் காயோடும் உள்ள கிளையைத் தெரிந்தெடுக்க வேண்டும். பழைய செய்தித்தாள்களுக்கு இடையே இலைகள் மடங்காமல் பரப்ப வேண்டும். சில இலைகளை மேற்புறமும் சிலவற்றை அடிப்புறமும் தெரிய வைக்க வேண்டும். அழுத்துப் பலகையில் இறுகக் கட்டி, ஈரம் வற்றும் வரை தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஒரு நாள் சோம்பினால் பூசணம் பிடித்துவிடும். பின்னர் ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 29 செ.மீ. அகலமும் உள்ள தடித்த தாளில் ஒட்டி, இடம், நாள், உயரம், சேகரித்தவர் பெயர், மலரின் நிறம் யாவற்றையும் எழுத வேண்டும். நிறத்தை ஏன் எழுத வேண்டும்? உலர்ந்த மலர் தன் நிறத்தை இழந்துவிடும். அன்று எழுதாவிட்டால் என்றும் எழுத இயலாது. பொறுமை, ஒழுங்கு, உண்மை மூன்றையும் இந்த ஒரு தாளே கற்றுக்கொடுக்கிறது.

பட்டாணித் தோட்டத்தில் ஒரு துறவி

நம் பிள்ளைகள் மரபியல் பாடத்தில் முதன் முதலில் படிக்கும் பெயர் கிரெகோர் மெண்டல். இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரின் அகுஸ்தினார் மடத்துத் துறவி. அவர் பள்ளி ஆசிரியருக்கான தேர்வில் 1850-இல் தேறவில்லை. அதன் பின் அவருடைய சபை அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார்.

ஒவ்வொரு மலரையும் மொட்டாக இருக்கும்போதே பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, பூச்சி அணுகாதபடி மூடிக் கட்டினார். உருண்டை விதையும் சுருங்கிய விதையும் எத்தனை எத்தனை என்று எண்ணினார். இரண்டாம் தலைமுறையில் 7,324 விதைகள். அவற்றில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! நம் பிள்ளைகள் ஒரே வரியில் மனப்பாடம் செய்யும் அந்த விகிதத்துக்குப் பின்னால் ஏழாயிரம் விதைகளைத் தொட்டு எண்ணிய விரல்கள் இருக்கின்றன. 1865-இல் அவர் அதனை அறிவித்தபோது உலகம் பொருட்படுத்தவில்லை. அவர் 1884-இல் மறைந்தார். 1900-இல்தான் அதன் பெருமை உணரப்பட்டது. தேர்வில் தவறிய ஒருவரை நூறு தேர்வுகளின் பாடப் பொருளாக்கியது அவருடைய கைகளின் உழைப்பே. மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் பெற்றோர் இதைச் சிந்திப்பார்களாக.

எங்கே, எப்போது?

“வாய்ப்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்பீர்கள். காலண்டரைப் புரட்டினால் மாதந்தோறும் இருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியைப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்தி வருகிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் கண்ட பறவைகளை எண்ணி, இணையத்தில் பதிவு செய்தால் போதும். வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம், ஆலய வளாகத்திலிருந்தும் செய்யலாம். பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களிலும் இத்தகைய கணக்கெடுப்பு நடைபெறுகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைப் பருவம். கோடை விடுமுறைக்கோ பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்களும் இணைந்து, தேர்ந்தெடுத்த மாணவர்களை இரண்டு மாதம் உதவித்தொகையுடன் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளன. இதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்கும் வழக்கம் உண்டு. கோடை வந்த பிறகு தேடினால் கதவு அடைபட்டிருக்கும். அறிவிப்பு வந்ததா என்று செப்டம்பர் முதலே துறைத் தலைவரிடம் கேட்டு வருவது நன்று.

கடலோரக் குடும்பங்கள் பரங்கிப்பேட்டையை அறிந்திருப்பர். அங்கே வெள்ளாற்றின் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அருகிலேயே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. மரத்திலேயே விதை முளைத்துத் தொங்குவதையும், சேற்றிலிருந்து வேர்கள் மேல்நோக்கி நீண்டு காற்றை வாங்குவதையும் ஒரே ஒரு முறை கண்டவர் எந்த வினாவுக்கும் விடை எழுதுவர். கல்லூரி ஆசிரியர் முன்கூட்டி எழுதிக் கேட்டு மாணவரை அழைத்துச் செல்ல வேண்டிய இடங்கள் இவை.

பயணத்துக்கு வழியில்லாத வீடுகளும் உண்டு என்பதை அறிவேன். அவர்களுக்கும் கதவு அடைக்கப்படவில்லை. மழைக்காலத்தில் தெருவில் எத்தனை தொட்டிகளில், உடைந்த குடங்களில், பழைய டயர்களில் கொசுப்புழு இருக்கிறது என்று வாரந்தோறும் எண்ணி எழுதலாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக, வெப்பமான நாட்களில் எட்டுப் பத்து நாட்களே போதும். வாரம் ஒரு முறை பாத்திரங்களைக் கவிழ்க்கச் சொல்வது அதனால்தான். ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, ஒரு நோட்டு, ஒரு பென்சில், இவ்வளவே செலவு. அந்தக் கணக்கை ஊராட்சி சுகாதாரப் பணியாளரிடம் கொடுத்தால் தெருவுக்கும் நன்மை.

பெற்றோரின் அச்சங்கள்

முதல் அச்சம் பாதுகாப்பு. அதை அலட்சியம் செய்யச் சொல்லமாட்டேன். களப்பயிற்சிக்கு அனுப்பும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பொறுப்பாளர் யார்? உடன் செல்லும் பெண்கள் எத்தனை பேர்? கல்லூரியின் எழுத்து அனுமதி இருக்கிறதா? வழியில் யாருடைய தொலைபேசியில் பேசலாம்? இவற்றுக்கு நேரான விடை கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேட்காமலே மறுப்பது முறையன்று. குறிப்பாக, மகனை அனுப்பிவிட்டு மகளை மட்டும் தடுக்கும் வழக்கத்தை நாம் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே பட்டத்துக்கு ஒரே கட்டணம் கட்டும் இருவரில், ஒருத்திக்கு மட்டும் பாதிப் படிப்பு போதுமா?

இரண்டாவது, ஏமாற்று. இன்று பாடத்திட்டத்தில் பயிற்சிக்கு இடம் உண்டு என்பதைக் கண்டு, பெருந்தொகை வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் சான்றிதழ் கொடுப்பவர்களும் முளைத்திருக்கிறார்கள். என் உறவினர் ஒருவர் பிள்ளைக்காகக் கடன் வாங்கிக் கட்டினார். கண்ணாடிக்கு அப்பால் நின்று இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தான் பிள்ளை! ஒன்றே ஒன்று கேளுங்கள்: “என் பிள்ளை தன் கையால் எதைச் செய்வான்?” இதற்கு விடை சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவது, சட்டம். கற்கும் ஆர்வத்தில் கண்டதையெல்லாம் பிடித்து வரக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர்களைத் தொடவும் எடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆமை முட்டையும் அவ்வாறே. தனியே சென்று தோண்டாமல், அனுமதி பெற்ற குழுவோடு செல்வதே முறை.

நான்காவது, மதிப்பெண். களத்துக்குப் போனால் படிப்பு கெடும் என்பர். என் அனுபவம் அதற்கு நேர்மாறு. தேர்வுக்கு முந்திய வாரத்தில் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்ற நாட்களில் போய் வந்தவன் புத்தகத்தைத் தானே தேடி எடுப்பான். கண்ணால் கண்டதன் காரணத்தை அறியும் பசி அவனுக்கு வந்துவிடும்.

அந்தக் குடும்பம்

அந்தத் தாய் என்ன முடிவு செய்தார் என்று அறிய விரும்புவீர்கள். நான் கூறிய யோசனை ஒன்றே: “மகளைத் தனியே அனுப்பத் தயக்கமாக இருந்தால், நீங்களும் கூடப் போங்கள். பொதுமக்களும் உடன் நடக்கும் இரவுகள் உண்டு.” தாய்க்கு முழங்கால் வலி. ஆகவே, முடியவே முடியாது என்று சொன்ன தந்தையே மகளோடு போனார்.

அடுத்த ஞாயிறு அவரே என்னைத் தேடி வந்தார். அதிகம் பேசாத மனிதர். முக்கால் தொலைவு நடந்த பிறகு ஒரு தடம் கிடைத்ததாம். குழுவில் மூத்தவர்கள் முட்டைகளை எடுத்துக் கொடுக்க, பொரிப்பகத்தில் புதுக்குழிக்குள் அவற்றை எண்ணி வைக்கும் வேலையை அவர் மகளுக்குக் கொடுத்தார்களாம். “நானும் கூடவே எண்ணினேன் ஐயா. நூற்றுப் பதினான்கு” என்றார். சற்று நிறுத்தி, “வருஷா வருஷம் கொடியேற்றத்துக்கு அந்தக் கடற்கரைக்குப் போகிறோம். இப்படி ஒன்று அங்கே நடக்கிறது என்று என் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது” என்றார்.

அன்று மகள் தரையைப் பார்த்து நிற்கவில்லை. குஞ்சு பொரிக்கும் நாள் எப்போது வரும் என்று தந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை உயிரியல் படிக்கிறான் என்றால், இன்றிரவு உணவு வேளையில் அவனிடம் ஒன்று கேளுங்கள். எத்தனை மதிப்பெண் என்பதை நாளைக்குக் கேட்கலாம். “இந்த மாதம் உன் கையால் எதைத் தொட்டுக் கற்றாய்?” என்று கேளுங்கள். அவன் விடையின்றி விழித்தால் கடிந்துகொள்ள வேண்டாம். உடன் எழுந்து, கொல்லைத் தொட்டியருகே அவனை அழைத்துச் செல்லுங்கள். படுக்கைவாட்டில் கிடக்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பார்த்த பின் மறவாமல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்!